200 எங்கே, 61,039 எங்கே: பேரிங்ஸ் வங்கி வீழ்ந்த கதையும் கட்டுப்பாட்டுப் பணியும்

1995 பிப்ரவரி முதல் வாரம். சிங்கப்பூரில் ஆண்டுக் கணக்கை முடிக்க உட்கார்ந்திருந்த வெளித்தணிக்கையாளர்களுக்கு ஒரு ஃபேக்ஸ் வருகிறது. அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்று பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் துணை நிறுவனத்துக்கு 777.8 கோடி யென் தர வேண்டியது உண்மைதான் என்று அந்தத் தாள் உறுதி சொல்கிறது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 5 கோடி பவுண்ட். கடிதத்தலைப்பு இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. தாளின் மேல் ஓரத்தில், அனுப்பியவர் பெயரை இயந்திரம் தானாக அச்சிடும் வரியில், ‘ஃப்ரம் நிக் அண்ட் லிசா’ என்றும் இருக்கிறது.

நிக் அந்தத் துணை நிறுவனத்தின் பொது மேலாளர். லிசா அவர் மனைவி. தரகு நிறுவனத்திலிருந்து வந்திருக்க வேண்டிய உறுதிக் கடிதம், மேலாளரின் வீட்டு ஃபேக்ஸிலிருந்து வந்திருக்கிறது. கணக்கு சரி என்று முடித்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து பேரிங்ஸ் திவாலானது. 1762இல் தொடங்கிய வங்கி அது. 1803இல் பிரான்சிடமிருந்து லூயிசியானாவை அமெரிக்கா வாங்கியபோது அதற்குப் பணம் திரட்டிக் கொடுத்த வங்கிகளில் ஒன்று. 1995இல் மொத்த நட்டம் 82.7 கோடி பவுண்ட். டச்சு நிறுவனமான ஐஎன்ஜி அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

நிக் லீசன் என்ற 28 வயது இளைஞர் ஒரு வங்கியைத் தனியாளாகக் கவிழ்த்தார் என்றுதான் இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மோசடி செய்தது அவர்தான், அதில் சந்தேகமில்லை, சிறையும் சென்றார். ஆனால் மேலாண்மை படிப்பவர்களுக்கு அந்தக் கோணத்தில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. ஏமாற்றுபவர் எல்லா நிறுவனத்திலும் என்றாவது வந்து சேர்வார். அவரைப் பிடிக்கத்தான் கட்டுப்பாடு என்று ஒரு பணியே இருக்கிறது. இங்கே அந்தப் பணிக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இருந்தன: வரம்புகள், அன்றாட அறிக்கைகள், உள்தணிக்கை, வெளித்தணிக்கை, இடர்க் குழு. இத்தனையும் இருந்து எப்படித் தவறியது என்பதுதான் கேள்வி. என் பதில் இது: லாபம் கண்ணுக்குத் தெரிந்ததால் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

பாடநூலில் உள்ளதும் இல்லாததும்

பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் ஆன்றி ஃபாயோல் 1916இல் மேலாண்மைப் பணிகளை ஐந்தாகப் பிரித்தார். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடல், ஒருங்கிணைத்தல் ஆகியவற்றுக்குப் பின் கடைசியாக வருவது கட்டுப்படுத்துதல். அதன் படிகள் மாணவர்களுக்கு மனப்பாடம். அளவுகோலை வகு, நடந்ததை அள, இரண்டையும் ஒப்பிடு, விலக்கம் இருந்தால் காரணம் தேடு, திருத்து.

இதில் ‘விலக்கம்’ என்ற சொல்லை நடைமுறையில் நாம் பாதியாக்கிவிட்டோம். இலக்கு நூறு, நடந்தது எழுபது என்றால் கூட்டம் போட்டு விளக்கம் கேட்போம். இலக்கு நூறு, நடந்தது நானூறு என்றால் கைதட்டி ஊக்கத்தொகை கொடுப்போம். அளவுகோலிலிருந்து விலகிய தொலைவு இரண்டாவதில்தான் அதிகம். தணிக்கை வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்: செலவு கூடினால் ரசீது கேட்க ஆள் இருக்கும், வரவு கூடினால் ரசீது கேட்பவரைப் பொறாமைக்காரர் என்பார்கள்.

ஒரு மேசையில் இரண்டு நாற்காலி

லீசன் 1989இல் பேரிங்ஸில் சேர்ந்தது வணிகராக அல்ல. வாங்கி விற்றவற்றின் தாள்களைச் சரிபார்த்துப் பணம் கைமாற வைக்கும் தீர்வுப் பிரிவில்தான். ஜகார்த்தாவில் குவிந்து கிடந்த பங்குச் சான்றிதழ்ச் சிக்கலைத் தீர்த்து நல்ல பெயர் எடுத்தார். லண்டனில் வணிகராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது, தன் மீதிருந்த ஒரு கடன் தீர்ப்பை மறைத்தது தெரியவந்து விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. அவரைத்தான் 1992இல் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். சைமெக்ஸ் என்ற பரிவர்த்தனை நிலையத்தின் வணிகத் தளத்தையும், அதற்குப் பின்னால் இருக்கும் தீர்வுப் பிரிவையும் சேர்த்து அவரிடம் கொடுத்தார்கள்.

வாங்குகிறவரும் விற்கிறவரும் முன்னறை. அவர் உண்மையில் என்ன வாங்கினார், பணம் எங்கே போனது என்று சரிபார்ப்பது பின்னறை. கல்லாவில் உட்காருகிறவரே கணக்கையும் எழுதக் கூடாது என்பது கணக்கியலில் முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம். செலவை மிச்சம் பிடிக்கவும், சின்ன அலுவலகம்தானே என்ற நினைப்பிலும் இரண்டு நாற்காலியையும் ஒருவருக்கே போட்டார்கள். சிங்கப்பூரில் இருந்த பேரிங்ஸ் தலைமை அலுவலர் 1992 மார்ச்சிலேயே லண்டனுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார்: இப்படி ஓர் அமைப்பை உண்டாக்கினால் பின்னால் பேரழிவாக முடியலாம், பணமோ வாடிக்கையாளர் நம்பிக்கையோ இரண்டுமோ போகும். கடிதம் கோப்பில் சேர்ந்தது.

88888

1992 ஜூலையில் அந்தக் கணக்கு திறக்கப்பட்டது. எண் 88888. எட்டு சீனர்களுக்கு அதிர்ஷ்ட எண். பிழைக் கணக்கு என்பது இத்தொழிலில் சாதாரணம். ஒருவர் கைசைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு வாங்க வேண்டியதை விற்றுவிட்டால், விவரம் தெளியும்வரை அதை அங்கே நிறுத்தி வைப்பார்கள். அதே மாதம் புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் 20 ஒப்பந்தங்களை வாங்குவதற்குப் பதில் விற்றுவிட்டார். நட்டம் சுமார் 20 ஆயிரம் பவுண்ட். லண்டனுக்குச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். லீசன் அதை 88888க்குள் போட்டார்.

பிழைகளுக்கு வேறொரு கணக்கைப் பயன்படுத்தச் சொல்லி லண்டன் பிறகு உத்தரவிட்டபோதும் இந்தக் கணக்கு மூடப்படவில்லை. கணினி ஆலோசகர் ஒருவரிடம் சொல்லி, லண்டனுக்குத் தினமும் போகும் அறிக்கைகளில் இந்த எண் வராதபடி லீசன் மாற்றிவைத்தார். மார்ஜின், அதாவது பரிவர்த்தனை நிலையத்தில் கட்டும் ஈட்டுத்தொகை, பற்றிய கோப்பு ஒன்றில் மட்டும் அது விடுபடாமல் தொடர்ந்தது. இங்கேதான் இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த, அல்லது மிகவும் வயிற்றைக் கலக்கும், விவரம் வருகிறது. அந்தக் கோப்பு லண்டன் கணினியை அடைந்தது. கணினிக்கு 88888 என்ற எண் தெரியவில்லை. தெரியாத எண்ணை என்ன செய்வது? அனாமத்தில் தள்ளியது. ஆக, தகவல் மறைக்கப்பட்டது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி லண்டனின் சொந்தக் கணினியில், யாரும் திறந்து பார்க்காத அனாமத்துக் கோப்பில் கிடந்தது.

அனாமத்துக் கணக்கு என்பது வீட்டில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பொருள்களைத் திணிக்கும் பரண் மாதிரி. மாதக் கடைசியில் அதைக் காலி செய்யாத நிறுவனத்துக்குத் தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

கணக்கில் நட்டம் வளர்ந்த வேகம் இது: 1992 இறுதியில் சுமார் 20 லட்சம் பவுண்ட், 1993 இறுதியில் 2.3 கோடி, 1994 இறுதியில் 20.8 கோடி.

லாபம் எங்கிருந்து வந்தது?

லண்டன் அறிந்தவரை லீசனின் வேலை இதுதான். ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கெய்யின் முன்பேர ஒப்பந்தம், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம், ஒசாகாவிலும் விற்கிறது, சிங்கப்பூரிலும் விற்கிறது. ஒரே பொருள், இரண்டு சந்தை. விலையில் சின்ன வித்தியாசம் வந்தால் மலிவான இடத்தில் வாங்கி, அதே கணத்தில் மற்ற இடத்தில் விற்க வேண்டும். இரு பக்கமும் சமன் என்பதால் குறியீடு ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. கிட்டத்தட்ட ஆபத்தில்லாத தொழில். ஆகவே லாபமும் சொற்பமாக இருக்க வேண்டிய தொழில்.

ஆனால் 1994இல் அந்தச் சின்ன அலுவலகம் காட்டிய லாபம் 2.85 கோடி பவுண்ட். லீசனுக்கு 4.5 லட்சம் பவுண்ட் ஊக்கத்தொகை பரிந்துரைக்கப்பட்டது. இதற்கு முந்தைய ஆண்டே, பங்குச் சந்தைத் தொழிலில் பணம் பண்ணுவது உண்மையில் அவ்வளவு ஒன்றும் கடினமில்லை என்ற முடிவுக்கு வந்திருப்பதாக வங்கித் தலைவர் பீட்டர் பேரிங், இங்கிலாந்து மத்திய வங்கி அதிகாரியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

லாபம் எப்படி வந்தது என்பது எளிது. லீசன் தன் இரண்டு கணக்குகளுக்கு இடையே தானே வாங்கித் தானே விற்றார். லண்டனுக்குத் தெரிந்த கணக்குக்குச் சாதகமான விலையும், 88888க்குப் பாதகமான விலையும் வைத்தார். ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டு, நிறைந்த பையை மட்டும் முதலாளியிடம் காட்டுவது போல. பதிவுகளைச் சரிபார்க்க வேண்டிய பின்னறையும் அவர் கையில்தான். மாதக் கடைசியில் 88888இன் இருப்பு பெரிதாகத் தெரியாமலிருக்க, ஆப்ஷன்களை (பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விற்றுக் கிடைத்த பிரீமியத்தையும் பொய்யான குறிப்பேட்டுப் பதிவுகளையும் பயன்படுத்தினார்.

இவ்வளவு குறைந்த ஆபத்தில் இவ்வளவு லாபம் சாத்தியமா? அதே இரண்டு சந்தைகளில் அதே வேலையைச் செய்யும் போட்டி வங்கிகள் ஏன் இப்படிச் சம்பாதிக்கவில்லை? மேசைக்கு எதிரே உட்கார்ந்து இந்த இரண்டு கேள்விகளைக் கேட்க ரகசியத் தகவல் எதுவும் வேண்டியதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களின் ஊக்கத்தொகையும் அதே லாபத்தில்தான் தொங்கியது.

நான்கு வேலைகள்

1994 ஜூலை, ஆகஸ்டில் லண்டனிலிருந்து உள்தணிக்கை வந்தது. 88888ஐ அது கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அமைப்பின் நோயைச் சரியாகச் சொன்னது: அதிகாரம் ஒரே ஆளிடம் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறது, கட்டுப்பாடுகளைப் பொது மேலாளரே மீறிவிட முடியும். நான்கு வேலைகளை லீசனிடமிருந்து எடுத்துவிடச் சொன்னது. பின்னறையை மேற்பார்வையிடுவது, காசோலையில் கையெழுத்திடுவது, பரிவர்த்தனை நிலையத்துடனான கணக்குச் சரிகட்டலில் ஒப்பமிடுவது, வங்கிச் சரிகட்டும் பட்டியலில் ஒப்பமிடுவது.

நல்ல அறிக்கை. மேலிடம் ஏற்றுக்கொண்டது. அந்த அலுவலகத்துக்கு முழுநேர இடர் மேலாளர் தேவைப்படும் அளவுக்கு வேலை இல்லை என்றும் சிலர் வாதிட்டார்கள்.

லீசனுக்கு மேலதிகாரி யார் என்பதே தெளிவில்லாமல் இருந்ததும் இதோடு சேர்ந்தது. அவர் செய்யும் வணிகம் லண்டனில் ஒருவருக்குக் கட்டுப்பட்டது, அலுவலக நிர்வாகம் சிங்கப்பூரில் இன்னொருவருக்குக் கட்டுப்பட்டது. லண்டன்காரர் அன்றாடக் கட்டுப்பாடு உள்ளூர்க்காரர் பொறுப்பு என்று நினைத்தார். உள்ளூர்க்காரர் வணிகம் லண்டன் பொறுப்பு என்று நினைத்தார். அமைப்பு வரைபடத்தில் இரண்டு கோடுகள் ஒரே பெட்டிக்கு வந்து சேர்வதைப் பார்த்தால் இரட்டைப் பாதுகாப்பு போலத் தோன்றும். அனுபவம் வேறு: இருவர் காக்கும் வயலில் இருவரும் தூங்குவார்கள்.

ரொக்கம் பொய் சொல்லவில்லை

1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் நிலநடுக்கம். அதுவரை லீசன் விற்று வைத்திருந்த ஆப்ஷன்கள், நிக்கெய் அதிகம் அசையாமலிருந்தால் லாபம் தரும் வகையைச் சேர்ந்தவை. 23ஆம் தேதி குறியீடு ஒரே நாளில் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. விட்டதைப் பிடிக்க, சந்தை மீண்டும் ஏறும் என்ற பந்தயத்தில் முன்பேர ஒப்பந்தங்களை வாங்கிக் குவித்தார். பிப்ரவரி இறுதியில் அவர் கையிலிருந்தவை 61,039 நிக்கெய் ஒப்பந்தங்கள். பகல் நேரத்துக்குள் அவர் மறுபக்கம் சமன் செய்யாமல் வைத்திருக்க அனுமதிக்கப்பட்டவை 200. இரவு கடந்து வைத்திருக்க அனுமதிக்கப்பட்டது பூஜ்யம்.

இத்தனை ஒப்பந்தங்களை ரகசியமாக வாங்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பரிவர்த்தனை நிலையத்தில் மார்ஜின் கட்ட வேண்டும், விலை விழுந்தால் அன்றன்றே நட்டத்தை ரொக்கமாக இறக்க வேண்டும். அந்தப் பணத்தை அனுப்பியது லண்டன். 1994 இறுதியில் 22.1 கோடி பவுண்டாக இருந்த அந்தத் தொகை 1995 பிப்ரவரி 24இல் 74.2 கோடியாக நின்றது. இது வங்கிக் குழுமத்தின் மூலதனத்தையே தாண்டிய தொகை.

கட்டுப்பாடு கற்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சமன் செய்த வணிகத்தில் ஒசாகாவில் நட்டம் வந்தால் சிங்கப்பூரில் அதே அளவு லாபம் வரும். ஒரு பக்கம் கட்டிய பணம் மறுபக்கம் திரும்பி வந்துவிடும். ரொக்கம் ஒரே திசையில் நாள்தோறும் ஓடினால் வணிகம் சமன் செய்யப்படவில்லை என்று பொருள், அவ்வளவுதான். லாபக் கணக்கை லீசன் எழுதினார், அதில் எதையும் எழுதலாம். ரொக்கத்தை எழுத முடியாது, அது லண்டன் வங்கிக் கணக்கிலிருந்துதான் புறப்பட்டாக வேண்டும். சிங்கப்பூர் கேட்ட டாலரைத் தனித்தனி வணிகத்தோடு ஒப்பிட்டுச் சரிகட்ட லண்டன் தீர்வுப் பிரிவால் முடியவில்லை. முடியவில்லை என்று தெரிந்தும் அனுப்பினார்கள். வாடிக்கையாளர்களுக்காக முன்பணம் கட்டுகிறோம், பிறகு வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டார்கள். எந்த வாடிக்கையாளர்? பெயர்வாரியான பட்டியல் எங்கே? அதை வற்புறுத்திக் கேட்டு, வரும்வரை பணத்தை நிறுத்தியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

வெளியிலிருந்தும் மணி அடித்தது. ஜனவரி 11 அன்று சைமெக்ஸ் எழுதிய கடிதத்தில் 88888 என்ற எண்ணே குறிப்பிடப்பட்டிருந்தது. பேரிங்ஸின் பதிலை வரைந்து கொடுத்தவர் லீசன். திருடனையே புகாருக்குப் பதில் எழுத வைத்தார்கள். ஒசாகாவில் பேரிங்ஸ் குவித்திருந்த பெரிய நிலை, அதாவது கையிலிருந்த ஒப்பந்தங்களின் அளவு, சந்தைக்கே தெரிந்து வதந்தி பரவியது. சந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது, அதைச் சமன் செய்யும் மறுபக்கம் சிங்கப்பூரில் இருக்கிறது என்று லண்டன் மேலாளர்கள் சிரித்துக்கொண்டார்கள். ஜனவரி 26இல் இடர்க் குழு, நிலையைக் கூட்ட வேண்டாம், முடிந்தபோது குறையுங்கள் என்று தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறியதா என்று பார்க்கும் வேலை, வழக்கம்போல, லீசன் அனுப்பும் அறிக்கையை நம்பி விடப்பட்டது.

ஃபேக்ஸில் சொன்ன 777.8 கோடி யென் கதையும் இந்த நாட்களில்தான். 88888இன் ஓட்டையை ஆண்டு இறுதியில் அடைக்க எழுதிய பொய் வரவு அது. இது எப்படி வந்தது என்று கேட்டவர்களில் ஒருவரிடம், இரு தரப்புக்கு இடைத்தரகு செய்த ஒப்பந்தம் என்றார் லீசன். இன்னொருவரிடம் செயல்முறைப் பிழை என்றார். இரு பதில்களையும் கேட்டவர்கள் ஒரே நிறுவனத்தில்தான் இருந்தார்கள். ஒரே அறையில் உட்காரவில்லை.

இது ஒரு வங்கியின் துரதிர்ஷ்டம் மட்டுமா?

அதே 1995இல் ஜப்பானின் தாய்வா வங்கி, தன் நியூயார்க் கிளையில் தொஷிஹிதே இகுச்சி என்பவர் 11 ஆண்டுகளாக மறைத்த 110 கோடி டாலர் நட்டத்தை அறிந்தது. அறிந்த வழி தணிக்கையல்ல. அவரே எழுதிய ஒப்புதல் கடிதம். அங்கேயும் வணிகமும் அதன் சரிபார்ப்பும் ஒரே கையில். 2008இல் பிரான்சின் சொசியத்தே ஜெனரல் வங்கி ஜெரோம் கெர்வியலின் வணிகத்தில் 490 கோடி யூரோ இழந்தது. அவரும் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து வணிகத்துக்கு வந்தவர், எங்கே ஓட்டை என்று தெரிந்தவர். அவருடைய வணிகம் பற்றி எழுபதுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு விளக்கம் வந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடப்பட்டது. கெர்வியலிடம் அறைகள் பிரிந்தே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பணிப்பிரிப்பு மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு முள். பிரிந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் பதில் வந்தவுடன் திருப்தியடைந்தால் சுவர் இருந்தும் பயனில்லை.

மீண்டும் சிங்கப்பூர். 1995 பிப்ரவரி 23 அன்று லீசன் மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்பை மேசையில் வைத்துவிட்டு மனைவியோடு ஊரைவிட்டுப் போனார். மார்ச் 2இல் ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார், டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டு தண்டனை கொடுத்தது. அவர் கிளம்பிய அந்த நாள் வரை, உள்தணிக்கை எடுத்துவிடச் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்த பின்னறைப் பொறுப்பு அவரிடமே இருந்தது.